வான்கோழி கிளவுஸ்

"பையைத் தொற, இந்து."

எலப்புள்ளி ஊருத் தையல் கம்பெனி, கேட்டு வாசல். சாயங்காலம் அஞ்சரை மணி. அங்க தைக்கற இந்துவோட பையைப் புடிச்சு இழுத்துட்டு நின்னுச்சு மாரித்தாயக்கா.

அக்காவுக்கு இந்த கேட்டுக் காவல் வேலை கெடைச்சதே ஒரு கதைங்க. ஒருக்கா பஸ்ஸுல இருந்து பணப்பையோட எறங்குன திருடனை ஓடிப்போயி அமுக்கிப் புடிச்சுது. அது கண்டக்டருன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. இருந்தாலும் அந்தத் தைரியத்துக்கே இங்க நிறுத்திட்டாங்க. சரி, அது கெடக்கட்டும்.

இந்து தொறந்தா. டிபன் பாக்ஸுக்கு அடியில ஆறு ஜோடி கிளவுஸ். அமெரிக்காவுல அடுப்புல இருந்து சூடான சட்டி எறக்கறதுக்குக் கையில மாட்டுவாங்களே, அந்தப் பஞ்சு வெச்ச கிளவுஸ். செவப்புத் துணி, அதுல வான்கோழி படம்.

"பாத்தீங்களா மொதலாளி! சரக்கு கொறையுதுன்னு சொன்னீங்களே, இப்படித்தான் போகுது!"

மொதலாளி தாவூத் பாய்க்கு மொகம் செத்துப்போச்சு. நம்ம ஊருச் சரக்குக்கு நூத்துக்கு அம்பதுன்னு அமெரிக்கா வரி போட்டதும், அங்க வாங்கறவன் ஒரே ஒரு மெயில் அனுப்பி ஆர்டரை நிறுத்திட்டான். வர்ற சனிக்கிழமையோட கம்பெனிக்குப் பூட்டு. இருவத்திரண்டு பொம்பளைங்களுக்கு வேலை இல்லை.

"மூடப்போற கம்பெனியிலயுமா, இந்து?"

"நான் ஊட்டுக்குக் கொண்டு போகலீங்க பாய்."

"பின்னே கோயிலுக்கா?" அக்கா விடல. "கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்குதா உனக்கு?"

அப்பத்தான் ஒரு லாரி வந்து நின்னுது. டிரைவர் எறங்குனாரு. கையில அதே வான்கோழி கிளவுஸ்!

"ஏனுங்க, இது தைக்கற கம்பெனி இதுதானுங்களா? அட, அம்மிணி இங்கயே நிக்குது!"

இந்துவைப் பாத்துத்தான் சொன்னாரு.

சூசையப்பன்னு பேரு. லாரிக்காரங்க சங்கத்துல செயலாளராம்.

"வாளையாரு செக்போஸ்ட் வரிசையில நின்னா ரேடியேட்டர் கொதிக்குமுங்க. மூடியைத் தொட்டா கையி வெந்துரும். அங்க பஸ்ஸுக்கு நிக்கற இந்த அம்மிணிதான் ஒரு ஜோடி குடுத்து, போட்டுப் பாருங்கண்ணா, கொறை இருந்தா சொல்லுங்கன்னுது. தெனமும் ரெண்டு மூணு பேருக்குக் குடுத்துச்சு. ஒருத்தன் கையில பாத்து இன்னொருத்தன் கேட்டு, இப்ப சங்கத்துக்கே வேணும். மொதல்ல மூவாயிரம் ஜோடி."

தாவூத் பாய் இந்துகிட்டத் திரும்புனாரு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னனுங்க பாய். அமெரிக்காவுக்குத் தைச்சுட்டு லாரிக்காரனுக்கா தைக்கறதுன்னு சிரிச்சீங்க."

பாய் தலையைக் குனிஞ்சாரு. அப்புறம் உள்ளாற பாத்து ஒரே சத்தம்.

"யாரும் மிசினை மூடாதீங்க! சனிக்கிழமை பூட்டு கெடையாது, திங்கக்கிழமையும் வேலை இருக்குது!"

உள்ள எழுந்த கூச்சல் அடுத்த ஊரு கஞ்சிக்கோடு வரைக்கும் கேட்டிருக்கும். ஒருத்தி தைச்சுட்டிருந்த துணியையே தூக்கி வீசுனா. அது ஃபேன்ல போயிச் சுத்திக்கிட்டது வேற.

இந்து அழுகவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. எழுதிக்கறதுக்குப் பையில இருந்து ஒரு நோட்டை எடுத்தா.

"கொறையைச் சொல்லுங்கண்ணா."

"முழங்கை வரைக்கும் நீளம் வேணும் அம்மிணி. வான்கோழி வேண்டாம், பசங்க கேலி பண்றாங்க. அப்புறம், தண்ணி பட்டா இந்தச் செவப்புச் சாயம் எறங்குது."

"அட, அதெல்லாம் ஒரு கொறையாங்க?" மாரித்தாயக்கா முந்திக்கிச்சு. "ஒருநாள் பூரா உப்புத்தண்ணியில ஊறப்போடுங்க, சொட்டு எறங்காது. எங்க ஊட்டுல இருக்கற எட்டு ஜோடிக்கும் நான் அப்படித்தானே..."