பதினொன்றரைக்கு மன்னிப்பு

உலகத்தில் இதுவரை எந்தச் சங்கமும் செய்யத் துணியாத ஒரு காரியத்தை அந்த வட்டாரக் கொல்லர் சங்கம் செய்தது. மன்னிப்பை நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தது. பத்து மணிக்கு ஆணி அடிக்கும் முறை, பத்தே முக்காலுக்குக் கீல் வளைத்தல், பதினொன்றரைக்கு ‘தலைவர் தம் மைத்துனரை மன்னித்தல் (செயல்முறை விளக்கத்துடன்)’. பிறகு தேநீர்.

மன்னிக்கப்பட வேண்டியவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தலைவரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. ஏழு வருஷத்துக்கு முன்பு தலைவரின் வலக்கையில் இரண்டு விரல்களைச் சம்மட்டியால் கூழாக்கியவன்.

“வாசலையே பாத்துட்டிருக்கியே தம்பி,” என்றார் பக்கத்திலிருந்த கீல்காரர். “பயப்படாதே. மூணு விரல்தான் மிச்சம். நீயே நெனச்சாலும் குறி வைக்கிறது கஷ்டம்.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்வரிசையில் அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உலைப்புகை ஆகாது என்று கல்யாணமான நாளிலிருந்து பட்டறை வாசலை மிதிக்காதவள். புருஷன் வேலை செய்வதை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறாள்.

மகள் கல்யாணத்துக்குக்கூட அவள் தம்பியைக் கூப்பிடவில்லை. ‘இன்னிக்கு எல்லாம் நல்லபடியா முடிஞ்சா வீட்டுக்கு வரச் சொல்லு’ என்று ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்திருந்தான்.

தொழிலின் சட்டம் ரொம்பச் சுலபம். கொல்லர் இடக்கைக் குறட்டில் பழுத்த இரும்பை அடைகல்லின்மேல் பிடித்துக்கொண்டு, வலக்கைச் சுத்தியலால் இடம் காட்டுவார். எதிரே நிற்பவன் அந்த இடத்தில் சம்மட்டியை இறக்குவான். நிறுத்த வேண்டுமென்றால் இரும்புக்குப் பக்கத்தில், வெறும் அடைகல்லின்மேல் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. டிங். சம்மட்டிக்காரனின் கண் இரும்பைவிட்டு அசையக் கூடாது. அவனுக்குக் காதுதான் கடிவாளம்.

விரல் போன அன்றைக்கு அந்த டிங் அவனுக்குக் கேட்கவில்லை. “தட்டினேன்டா, பாவி!” என்றார் தலைவர் மாமா, ஆஸ்பத்திரிக் கட்டிலில். “தட்டினாராமே!” என்றார்கள் பார்க்க வந்தவர்கள். எல்லோரும் சொல்லச் சொல்ல, மூன்றாம் நாள் அவன் காதில் அது கேட்க ஆரம்பித்தது.

சம்மட்டியை விட்டான். சத்தமே இல்லாத பிழைப்பாகத் தேடி ஒரு துணிக்கடையில் சேர்ந்தான். அங்கேயும் வந்தது. துணியை விரித்துக் காட்டும்போது டிங்; இரண்டு கையும் அந்தரத்தில் நின்றுவிடும். சாப்பிடும்போது டிங், கவளம் பாதி வழியில் நின்றுவிடும். முதலில் வைத்தியரைத் தேடிய மனைவி, பிறகு பழகிப்போய், “தட்டியாச்சா? சரி, சாப்பிடுங்க,” என்பாள்.

பதினொன்றரை. தலைவர் மேடையேறினார். புதுத் தோல் கவசம். நெஞ்சில் லாடம் பருமனுக்கு ஒரு பேட்ஜ்.

“நண்பர்களே! இரும்பை வளைக்க நெருப்பு வேணும். மனுஷனை வளைக்க மன்னிப்பு வேணும்!”

“முதல்ல இதை எழுதிக் குடுத்தவனை மன்னிக்கணும்,” என்று முணுமுணுத்தார் கீல்காரர்.

“வா மாப்ளே! ஏழு வருஷமாச்சு. எடு சம்மட்டியை!”

எடுத்தான். முதல் அடி கோணலாக விழுந்தது. ஐந்தாவது அடியில் தோள் பழசை ஞாபகப்படுத்திக்கொண்டது. இரும்பு நசுங்கிப் பரவி, மேலே கரிந்த செதிலாகப் பொருக்குத் தட்டியது. அவன் கண் அதைவிட்டு நகரவில்லை.

நாலைந்து அடி இடம் காட்டிய தலைவருக்குப் பேச்சு சூடுபிடித்தது. சுத்தியலைத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, மூன்று விரல் கையைச் சபைக்கு உயர்த்திக் காட்டினார். “நீ பாட்டுக்கு அடி மாப்ளே! இந்தக் கையைப் பாருங்க, நண்பர்களே! காது குடுக்கத் தெரியாதவன் கையில சம்மட்டி குடுத்தா இதுதான் கதி! ஆனாலும் சொல்றேன், நான் மன்னிக்கிறேன்!”

கைதட்டல். அடி. மறுபடி கைதட்டல். அடுத்த அடிக்குச் சம்மட்டி தலைக்கு மேலே போனது.

டிங்.

ஏழு வருஷத்தில் அது அவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. மணிக்கட்டு இரண்டும் பூட்டிக்கொண்டன. அந்தரத்தில் நின்ற சம்மட்டிக்கு நேர் கீழே, கம்பி பிரஷ்ஷைப் பிடித்த மாமாவின் மூன்று விரல்களும் பொருக்கைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தன.

கூடம் எழுந்து நின்று கைதட்டியது.

“பாத்தீங்களா!” தலைவர் பிரஷ்ஷை ஆட்டினார். “தட்டினேன், நின்னான்! அன்னிக்கும் இதே மாதிரிதான் தட்டினேன்!”

அவன் சம்மட்டியை மெல்ல இறக்கினான். கண் கலங்கிப்போய் எதிரே இருந்தவரின் முகம் தெரியவில்லை. “கேட்டுச்சு மாமா. இந்தத் தடவை நல்லாவே கேட்டுச்சு.”

அக்கா எழுந்து அடைகல் பக்கம் வந்தாள். புருஷன் கையைப் பார்த்தாள். தம்பி கையைப் பார்த்தாள். தொட்டி விளிம்பில் கிடந்த சுத்தியலைப் பார்த்தாள். கைதட்டல் ஒவ்வொரு வரிசையாக ஓய்ந்தது.

குழம்பில் உப்பில்லை என்று சொல்வதைப்போலத்தான் சொன்னாள்.

“என்னங்க, நீங்க தட்டவே இல்லையே.”