கன்னத்தில் விழுந்த சொட்டு

கண்ணுக்குள் கடுகளவு குழாய் வைத்து ஆபரேஷன் செய்தபின், தினம் ஒரு சொட்டு மருந்தோடு, நாலு வருஷமாக, வருஷம் ஒருமுறை வந்து பார்க்கும்போதெல்லாம் பெரியவரின் கண் அழுத்தம் பதினாலைத் தாண்டியதில்லை. இன்று முப்பது.

"மருந்து விடுறதை நிறுத்திட்டீங்களா?" நர்ஸ் அதட்டினாள்.

அவர் கையைப் பிடித்தபடி நின்ற மனைவிக்குச் சுருக்கென்றது. "ஒரு நாள் தவறினதில்ல. நானேதான் விடுறேன்."

நர்ஸ் லேசில் விடுகிறவள் அல்ல. "எங்க, விட்டுக் காட்டுங்க."

அவர் அண்ணாந்தார். மனைவி பாட்டிலைக் கவிழ்த்தாள். சொட்டு கன்னத்தில் விழுந்தது. அவர் சட்டென்று கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "சரியா விழுந்துச்சு" என்றார்.

நர்ஸ் அந்தம்மாவின் கண்ணையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் விட்டுவிட்டு வந்தாள்.

"எத்தனை நாளா இப்படி?" பெரியவரிடம் கேட்டாள்.

"ஒரு வருஷமா. தனக்கும் பார்வை மங்குதுன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. என் கண்ணு போனா போகட்டும்னு வாயைத் திறக்கல."

டாக்டர் வெளியே வந்தார்.

"அவங்களுக்கும் உங்களை மாதிரி கண் அழுத்த வியாதிதான். முத்திப்போச்சு, போன பார்வை திரும்பாது. ஒரு வருஷம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

பெரியவர் கையிலிருந்த கைக்குட்டையில் மருந்து இன்னும் காயவில்லை.