அப்பா சாப்பிடாத மாத்திரை

"ஏனுங்க, யாரு யாரோ சாப்பிடறாங்க. பெத்த பொண்ணு செஞ்ச மாத்திரை உங்களுக்கு மட்டும் கசக்குதுங்களா?"

சோற்றைப் போட்டபடியே கேட்டாள் கனகம். ராமுலு தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்கு வேண்டாம். பழைய மாத்திரையே போதும்."

எதிரே உட்கார்ந்திருந்த மகள் தேஜஸ்ரீக்கு முகம் சுண்டிப்போனது. மஞ்சளிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, அது பெருங்குடல் புண்ணுக்குக் கேட்குமா என்று பார்க்கும் ஆராய்ச்சி அவளுடையது. ஊருக்காக என்று வெளியில் சொல்லிக்கொண்டாலும், அவள் அதில் இறங்கியதே அப்பாவுக்காகத்தான். பஸ் ஏறப் பயந்து, கல்யாணப் பந்தியில் உட்காரப் பயந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டே காலம் தள்ளுகிற மனுஷன்!

"டாக்டருங்க பார்த்துத்தான் தர்றாங்கப்பா. உங்க மருந்தையும் நிறுத்த வேண்டியதில்லை."

"நான் வரலை அம்மணி. அந்தப் பேச்சை உடு."

கை கழுவ எழுந்துவிட்டார்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "பெத்த அப்பனே நம்பாத மருந்து" என்று சித்திக்காரி வீடு வீடாகப் போய்ச் சொல்லிச் சிரித்தாள். தேஜஸ்ரீ அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில் போதுமான ஆள் சேராமல் திண்டாடிய ஆராய்ச்சி, எப்படியோ சூடு பிடித்தது. முடிவும் வந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த வெறும் மாவு மாத்திரையைச் சாப்பிட்டவர்களைவிட, மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புண் நன்றாகவே ஆறியிருந்தது. அடுத்த கட்டமாகப் பெரிய அளவில் செய்து பார்க்க அனுமதியும் கிடைத்தது.

பங்கெடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல, காந்திபுரத்தில் சின்னதாக ஒரு கூட்டம். கிணத்துக்கடவிலிருந்து வந்திருந்த தென்னை விவசாயி கதிர்வேல், தேஜஸ்ரீயைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னிக்கு பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேனுங்க. வழியில கக்கூஸ் எங்கிருக்குதுன்னு கண்ணு தேடவே இல்லைங்க!"

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. "புது மருந்தாச்சே, பயமா இல்லைங்களா?"

"பயந்துபோட்டு ஓடத்தான் பார்த்தேனுங்க. உங்கப்பா எங்க உட்டாரு?"

"எங்கப்பாவா?"

"ஆமாங்க. ஆஸ்பத்திரியில எங்கூடக் காத்திருந்தப்பப் பழக்கமுங்க. எங்கள்ல பாதிப்பேரை விளக்கிச் சொல்லிச் சேத்துவுட்டதே அவருதானுங்களே!"

தேஜஸ்ரீ பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"'அம்புட்டு நல்ல மருந்துன்னா நீங்க ஏன் சாப்பிடலை?'ன்னு நானும் மடக்கினேனுங்க."

"என்ன... என்ன சொன்னாருங்க?"

"'நான் பம்பு செய்யறவன். செஞ்சவனே, இது இத்தனை தண்ணி இறைக்கும்னு அளந்து சொன்னா எவன் நம்புவான்? அப்பனே சாப்பிட்டு நல்லாருக்குதுன்னா, எம்பொண்ணு உழைப்பு மேல சந்தேகம் வந்துருமுங்க. நீங்க சாப்பிட்டு, உள்ளதைச் சொல்லுங்க. அவ ஜெயிக்கற வரைக்கும் என் வயித்தை நான் பொறுத்துக்கறேன்'னாருங்க!"