சாம்பல் நிறத்தில் ஒரு பெயர்

மாதா கோயில் தமிழர்களின் இணைய மன்றத்தில், பெயரில்லாமல் எழுதும் வசதியை ஷெரில் இன்றுதான் திறந்திருக்கிறாள். தன்னைப் பற்றிப் புறம்பேசுவது யாரென்று பிடிக்க, நிர்வாகியான தனக்கு மட்டும் பெயர் தெரியும்படி வைத்திருக்கிறாள். மாலை வெயில் படிந்த திரையில் முதல் பதிவு: "மகன் அடிக்கிறான். யார்கிட்ட சொல்றது?" அடியில், சாம்பல் எழுத்தில், தெரேசா. பக்கத்து வீட்டுத் தெரேசாக்காவேதான். இதோ, கம்பிக்கதவுக்கு வெளியே குவே பலகாரத் தட்டோடு நிற்கிறாள். ஜெலுத்தோங் ஊரின் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை.

"அதுல எழுதினா யாருக்கும் பேரு தெரியாதுல்ல, ஷெரில்?"

"தெரியாது லா, அக்கா."

தெரேசாவின் தோள் மெல்லத் தளர்கிறது. தெரியாது என்று சொல்லிவிட்டு, எந்த முகத்தை வைத்துக்கொண்டு இனி அந்த மகனைப் பற்றிக் கேட்பது? ஷெரில் தட்டை வாங்கிக்கொள்கிறாள்.