எதிரொலிக்கு ஒரு கைதட்டல்

“அந்தப் பெட்டியைப் போட்டு உடைச்சாத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்!” என்றார் கீபோர்டு மாஸ்டர்.

அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. “அது என்னங்க பாவம் பண்ணுச்சு? அது பாட்டுக்கு ஒழுங்கா வாசிக்குது.”

“அதான் பாவம்! போன சனிக்கிழமை ஓட்டல்ல மூணாவது மேசைக்காரர் எழுந்து வந்தாரு. பாராட்டு எனக்குத்தான்னு நானும் கையை நீட்டறேன். ‘உங்களுக்குப் பின்னாடி மெதுவா ஒண்ணு வருதே, அதுலதான் சார் உயிரே இருக்கு’ன்னுட்டுப் போறாரு!”

அவள் கை ஒரு கணம் நின்றது. “அப்படியா சொன்னாரு? இன்னொரு தடவை சொல்லுங்க.”

தன் எதிரொலிமீதே பொறாமைப்பட்ட முதல் மனிதர் மாஸ்டராகத்தான் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலைதோறும் ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் சிந்தசைசர் வாசிப்பார். இருபது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய கீபோர்டில் பதில் வாசித்தவள் மனைவிதான். மூன்று மாதம் முன்பு இந்த டிலே பெடல் வந்து சேர்ந்தது. செங்கல் அளவு இரும்புப் பெட்டி, மூன்று திருகு, ஒரு சிவப்பு விளக்கு. நாம் வாசித்ததை அரை நொடி கழித்துத் திருப்பித் திருப்பி வாசிக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கலாக, கொஞ்சம் குரல் தாழ்த்தி.

“புது மாடல் எல்லாம் கண்ணாடி மாதிரி அப்படியே காட்டும் சார். இது பழைய அனலாக். உள்ளே தண்ணியை வாளி வாளியா கைமாத்தற மாதிரி சத்தம் கைமாறி வரும். வழியில கொஞ்சம் சிந்தும். அந்தச் சிந்தல்தான் அழகு” என்று சொல்லிக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டார்.

அன்றைக்கே மாஸ்டர் மனைவியிடம் அறிவித்தார்: “இனிமே நீ மெனக்கெட வேண்டாம். இதுக்கு டீ வேண்டாம், இடுப்பு வலிக்காது. முக்கியமா, எதிர்த்துப் பேசாது.”

“சரிங்க. ஒயர் மாட்டறதையாவது நான் பார்த்துக்கறேன்” என்றாள் அவள்.

அதிலிருந்து அதுதான் அவள் வேலை. பரிமாறுகிறவர்களுக்குக் கால் தடுக்கும் என்று பெட்டியையும் அதன் ஸ்பீக்கரையும் திரைக்குப் பின்னால் வைப்பாள். தானும் காவலுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பழைய கீபோர்டும் காரில் வந்து போகும்.

“வாசல் பலகையைப் பார்த்தியா?” என்று மாஸ்டர் தொடர்ந்தார். “‘அதிசய எதிரொலிப் பெட்டி’ன்னு முழ நீள எழுத்து. கீழே என் பேரு, எறும்பு ஊர்ற மாதிரி. இது போதாதுன்னு மேனேஜர் கேக்கறாரு, ‘பெட்டியை மட்டும் விட்டுட்டுப் போறீங்களா மாஸ்டர்? வேற ஆளை வெச்சு வாசிச்சுப் பார்க்கறோம்’னு!”

“ஐயோ, அப்படி விட்டுட்டு வந்துடாதீங்க.”

“கிதாருக்குன்னு செஞ்ச பெட்டியாம். சிந்தசைசரை முழுசா விட்டா கரகரங்குமாம். அதுக்காக வால்யூமைப் பாதியில வெச்சு வாசிக்கறேன். உனக்காகக்கூட நான் குறைச்சதில்ல!”

“அதை நானும் கவனிச்சேன்.”

“வீட்டுல அதை வெளியே எடுத்துடாதே. அது மூஞ்சியில முழிக்கவே எனக்குப் பிடிக்கல.”

“நான் எங்கங்க எடுக்கறேன்?” என்று சட்டையை நீட்டினாள். “போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. நேரமாச்சு.”

மாஸ்டர் ஒரு திட்டத்தோடுதான் கிளம்பினார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பெட்டிக்குச் சொந்த புத்தி கிடையாது, கொடுத்ததைத்தானே திருப்பித் தரும்? கடைசிப் பாட்டின் கடைசி அடியில் வேண்டுமென்றே ஒரு சுரத்தைத் தப்பாக அடிப்பது. அவர் ஒரு தடவை தப்பு, பெட்டி ஆறு தடவை தப்பு. கூடமே சிரிக்கும். பெட்டியின் மானம் போகும். பலகையில் எழுத்து மாறும்.

அன்று கூடத்தில் ஒரு மேசைகூடக் காலியில்லை. மாஸ்டர் கடைசிப் பாட்டுக்கு வந்தார். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, மூணாவது மேசைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கூட முணுமுணுத்தார். கடைசி அடி வந்தது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்துக் கட்டையை அழுத்தினார்.

யாரோ ஸ்பூனைக் கீழே போட்டார்கள். மேனேஜர் முகம் புளித்தது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, புன்னகையோடு காத்திருந்தார். இத்தனைக்கும் அவருக்கு அரை நொடிதான் இருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து அந்த அடி மெல்லத் திரும்பி வந்தது. தப்பான சுரம் இருந்த இடத்தில், சரியான சுரம். மறுபடியும் வந்தது, இன்னும் மெதுவாக. அப்போதும் சரி.

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“மாஸ்டர்! நீங்க விட்டதைக்கூட அது பிடிச்சுடுச்சே! அடுத்த வாரத்துல இருந்து நீங்க சிரமப்பட வேண்டாம், எங்களுக்குப் பெட்டி போதும்!”

மாஸ்டர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒரே எட்டில் போய்த் திரையை இழுத்தார்.

பெட்டி அங்கேதான் இருந்தது. விளக்கு எரியாமல், ஒயர் கருகி, பழைய கீபோர்டு ஸ்டாண்டின் குட்டைக் காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

“மொதல் சனிக்கிழமையே இது புகைஞ்சு போச்சுங்க” என்றாள் அவர் மனைவி, கட்டைகளிலிருந்து விரலை எடுக்காமல். “நீங்க சொன்னது சரிதான். பெட்டி எதிர்த்துப் பேசாது.”