வெள்ளைப் பெருக்கல் குறி

நசீம் பானுவின் பிக்கப் வண்டியில் டீசல் பம்பை இயக்கும் மாட்யூல் பழுதாகிவிட்டது. சென்னை பாடியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் கன்னியப்பன் புதியதை மாட்டினார். கழற்றியதை யாரும் திரும்ப விற்காதபடி வெள்ளைப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டு, வழக்கம்போல அவளிடமே கொடுத்தார். லோடு ஏற்றப் போகும் வழியில் அவள் அதைச் செம்பரம்பாக்கம் ஏரியில் வீசினாள்.

அடுத்த வாரம் வண்டி மறுபடியும் நின்றது. கன்னியப்பன் திறந்து பார்த்தார். புதியது இருந்த இடத்தில் வெள்ளைக் குறி போட்ட மாட்யூல் இருந்தது. ஈரமாக, பாசி ஒட்டி இருந்தது.

“நான் இத்த தொட மாட்டேம்மா. வண்டிய வித்துடு.”

“எதுக்கு விக்கணும்? என் சோறே இதுலதான் கீது. புதுசு மாட்டுண்ணே.”

மாட்டினார். பெயிண்ட் பிரஷை அவள் வாங்கி, கழற்றியதில் பழைய குறியின் பக்கத்திலேயே இன்னொரு பெருக்கல் போட்டாள்.

“வரட்டும். இன்னும் எடம் கீது.”

வண்டியை ஏரிப் பக்கம் திருப்பினாள்.