ஏழாம் பக்கத்து எறும்புகள்

"மேலே பெரிசா ஏழுன்னு போட்டுட்டு, கீழே ஆறு எறும்பு வரைஞ்சா எப்படிங்க?"

தேவயானி டீச்சர் புத்தகத்தை விரித்துக் கண்ணையன் முன்னால் நீட்டினாள்.

வடக்குத்து என்ற ஊரிலிருந்து நிலக்கரி மைன்ஸுக்குக் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர் கண்ணையன். மகள் சரிதா படிக்கும் எல்கேஜி வகுப்பின் பரீட்சைக்கென்று தானே வரைந்து, தைத்துக் கொடுத்த, ஒண்ணு ரெண்டு எண்ணும் படப் புத்தகம் அது. குடை பிடித்த ஒரு யானை. லாரி ஓட்டும் இரண்டு எலி. ஷிப்டுக்கு லேட்டாக வரும் மூன்று ஆமை. பார்த்ததுமே பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று.

அன்று காலையில் அதை வைத்துத்தான் பரீட்சை. சரியாக எண்ணினால் யுகேஜி. இல்லையென்றால் இன்னொரு வருஷம் அதே பெஞ்சு.

அஸ்வினுக்கு அதே பெஞ்சுதான் என்று தேவயானி ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தாள். மற்றவர்கள் படபடவென்று ஒப்பித்து முடிக்கும்போது, அவன் ஒவ்வொரு படமாக விரல் வைத்துத் தொட்டுக்கொண்டிருப்பான்.

ஏழாம் பக்கம் வந்ததும் வகுப்பே "ஏழு" என்றது. முதலில் கத்தியது சரிதா. கடைசியாக அஸ்வின் "ஆறு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். தேவயானிக்கும் சிரிப்பு வந்தது. தப்பு என்று குறித்தும்விட்டாள். அவன் மட்டும் மறுபடி முதல் எறும்பின் மேல் விரலை வைத்தான். அப்புறம்தான் அவளும் எண்ணிப் பார்த்தாள்.

"இப்ப அவன் ஒருத்தன்தான் பாஸ். மத்த இருபது பேருக்கும் நான் திரும்பப் பரீட்சை வைக்கணும். வரையறவர் எண்ணி வரைய வேண்டாமா?"

கண்ணையன் தலையைச் சொறிந்தார். ஷிப்ட் முடிந்து வேனில் ஏறும்போது, மேஸ்திரி ஒவ்வொரு தோளாகத் தொட்டுத்தான் எண்ணுவார் என்றார். வாயால் எண்ணினால் ஓர் ஆள் மைன்ஸுக்குள்ளேயே நின்றுவிடுவானாம்.

"அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

"எங்க சரிதா, அந்தப் புள்ள எண்ணுற மாதிரியே வெரல வச்சிக் காட்டி, வூட்ல டெய்லி சிரிச்சிக்கினு இருக்குதுங்க டீச்சர்."

தேவயானிக்கு மெல்லப் புரிந்தது.

"அதான் அஸ்வின் ஜெயிக்கட்டும்னு வேணும்னே ஆறு போட்டீங்களா?"

"அது நல்லாத்தாங்க எண்ணுது. அதுக்கு எதுக்கு என் தயவு?" என்றார் கண்ணையன். "எம் பொண்ணு ஒருவாட்டி தோத்துப் பாக்கட்டும்னுதான் போட்டேன்."